பொறுக்கி எடுத்தவர்

சொல்ல வேண்டியதைத் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று இலைப்பூச்சி பச்சைநாயகிக்குப் பயம். பக்கத்துக் கிளையில் இருந்த குச்சிப்பூச்சி தண்டபாணியோடு ஊர்க்கதை பேசப்போய், கொய்யா மரத்துக்கு வந்த கொண்டைக்குருவியிடம் மாட்டிக்கொண்டிருந்தாள்.

“காலையிலேருந்து உன்னை இலைன்னே நெனச்சேன். நரம்பு, கறை, பூச்சி அரிச்ச ஓரம் எல்லாம் அச்சு அசல்! உன்னைச் செஞ்சது யாருடி? சரியாச் சொன்னா விட்டுடறேன்” என்றது குருவி.

“யாரும் செய்யலைங்க அண்ணே. எங்க வம்சத்துல ஒவ்வொண்ணும் தற்செயலா ஒவ்வொரு மாதிரி பொறக்கும். இலை மாதிரி இல்லாததைப் பொறுக்கி எடுத்துட்டாங்க. தப்பிச்சவங்களோட பிள்ளைங்க நாங்க. எத்தனையோ தலைமுறையா இப்படியே நடந்து, கொஞ்சம் கொஞ்சமா இலையாயிட்டோம்.”

“யார் அந்தப் பொறுக்கி?”

பச்சைநாயகி வாயைத் திறப்பதற்குள் தண்டபாணிக்குப் பொறுக்கவில்லை. “நீங்கதாண்ணே! உங்க அப்பா, தாத்தா எல்லாரும்தான்!”

“நானா? நான் பசிக்குத்தானே தின்னேன்!” குருவி பெருமையாகக் கொண்டையைச் சிலுப்பிவிட்டு, அவளை மேலும் கீழும் பார்த்தது. “ஆனா வேலை இன்னும் முடியலையே. கொய்யா இலை இவ்வளவு பேசாது.”

அது அலகைத் திறந்தபோது நல்லவேளையாகக் காற்று அடித்தது. இலைகளெல்லாம் ஆடின, அவளும் ஆடினாள். எது அவள் என்று தெரியாமல் குருவி விழித்தது.

“அக்கா, இருக்கியா?” என்று தண்டபாணி கத்தினான்.

குரல் வந்த குச்சியின் பக்கம் குருவி மெல்லத் திரும்பியது. பதில் சொல்ல வாய் துடித்தாலும், அன்று முழுக்கப் பச்சைநாயகி கொய்யா இலையாகவே இருந்தாள்.