நிழலுக்கு வாடகை

நிழலின் விலை வருடத்துக்கு மூவாயிரம் ரூபாய்.

நடேசன் ஐயாயிரத்தில் நின்றார். நான் ஆயிரத்தில் ஆரம்பித்தேன். இரண்டு டீ, ஒரு கோபம், எழுந்து போவதுபோல் ஒரு நடிப்பு. பேரம் படிந்தது.

பட்டாபிராமில் என் வீட்டுக்கு மேற்கே உள்ள காலி மனை அவருடையது. அதில் நின்ற வேப்பமரமும் அவருடையது. நிழல் மட்டும் என் மாடியிலும் மேற்குச் சுவரிலும் விழுந்தது. மரத்தை வெட்டாமல் விட்டுவைக்கப் பொங்கலுக்குப் பொங்கல் அவரிடம் பணம் கொடுத்தேன். ஒன்பது வருடம்.

தெருவில் ஏசி வைத்தவர்களெல்லாம் கரண்ட் பில்லைப் பார்த்து வேர்த்தார்கள். நான் என் பில்லை மடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நாலு பேர் கண்ணில் படும்படி நடப்பேன். மரம் நிற்கிறவரை என் வீட்டுக்குள் ஏசி வராது என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்வேன்.

நான் பாத்திரக் கடைக்காரன். எதையும் வீணாக்க விடமாட்டேன். அரிசி கழுவிய தண்ணீர் முருங்கைக்கு. பழைய பேன்ட் காய்கறிப் பைக்கு. கல்யாணப் பத்திரிகை வரும் உறையைக்கூடப் பிரித்து, உள்பக்கம் வெளியே வரத் திருப்பி, மைதாப் பசையில் ஒட்டிவைப்பேன். பத்திரிகை வைத்த வீட்டுக்கே அந்த உறையில் மொய் போனதும் உண்டு.

இன்று மூன்று மணிக்குச் சாப்பிட வந்தபோது, மேற்குச் சுவர் கண்ணைக் கூச வைத்தது. அந்த நேரத்தில் அந்தச் சுவருக்கு என்ன நிறம் என்று ஒன்பது வருடத்தில் இன்றுதான் பார்க்கிறேன்.

மரம் தரையில் கிடந்தது. மெஷின் ரம்பம் வைத்து அறுத்திருந்தார்கள். இலை இன்னும் வாடவில்லை. அடிமரத்தின்மேல் உட்கார்ந்து நடேசன் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு மஞ்சள் துணியைச் சுற்றி நாலு குங்குமப் பொட்டு வைத்திருந்தால் ஒருத்தனும் ரம்பத்தோடு கிட்டே வந்திருக்க மாட்டான். அந்த முப்பது ரூபாயையும் மிச்சம் பிடித்த புத்திசாலி நான்.

பொங்கலன்று வாங்கிய பணத்தை ஞாபகப்படுத்தினேன். வாக்கு, நாணயம், செத்துப்போன அவருடைய அப்பா என்று எல்லாவற்றையும் வரிசையாக இழுத்தேன். அவர் புகையை நிதானமாக ஊதி முடித்தார்.

"இன்னா மொதலாளி, நீ நிக்கறதுக்குக் குட்த்தது மூணு. அவுங்க சாய்க்கறதுக்குக் குட்த்தது அஞ்சு. நீயா இருந்தா இன்னா பண்ணுவ?"

நானாக இருந்தால் ஏழு கேட்டிருப்பேன்.

பின்வீட்டுத் தினகரன்தான் என்று முடிவுகட்டினேன். மாடியில் சோலார் தகடு போட்ட நாளிலிருந்து நிழல் படுகிறது, நிழல் படுகிறது என்று அனத்திக்கொண்டிருந்தவன். அவனை என்னவெல்லாம் கேட்பது என்று வாய்க்குள் அடுக்கிக்கொண்டேன். தினகரனா என்று கேட்டதற்கு நடேசன் தலையை ஆட்டினார். அவன் இல்லையாம். பெயரைச் சொல்லக் கூடாது என்று வாக்கு வாங்கியிருக்கிறார்களாம். அந்த வாக்கை மட்டும் காப்பாற்றுவாராம்.

ஆனால் நியாயஸ்தர். நாலு மாதம் நிழல் கொடுத்தாயிற்று. மீதி எட்டு மாதம், மாதத்துக்கு இருநூற்றைம்பது, ஆக இரண்டாயிரம் எனக்குத் திருப்பித் தர வேண்டும் என்று அவரே கணக்குப் போட்டார்.

மடியிலிருந்து ஓர் உறையை எடுத்தார். நாலு ஐந்நூறு ரூபாய்த் தாளை உருவி என் கையில் வைத்தார். மீதிப் பணத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, காலி உறையைக் கீழே போட்டார்.

நல்ல உறை ஒன்று மண்ணில் கிடந்தால் எனக்குப் பொறுக்காது. குனிந்து எடுத்தேன்.

ஓரத்தில் மைதாப் பசை காய்ந்து மொரமொரவென்றிருந்தது. உள்பக்கம் தங்க நிறத்தில் ஒரு பிள்ளையார், யாரோ இருவரின் திருமணம். வெளிப்பக்கம் என் கையெழுத்து.

'கோடை மிச்சம். கஸ்தூரிக்கு. 5,000.'

கஸ்தூரி என் மனைவி.

ஒவ்வொரு வெயிலும் முடிந்ததும், ஏசிக்காக எரியாத கரண்டுக்குக் கணக்குப் போட்டு, அந்தத் தொகையை உறையில் வைத்து அவளிடம் கொடுப்பேன். என்ன செய்தாய் என்று கேட்க மாட்டேன் என்பது பேச்சு. அவள் ஒன்றையும் தொடாமல் பீரோவில் அடுக்கிவைத்தாள். பொருத்தம் பார்த்த ஜோசியரை நான் மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்.

மூன்று வருடமாக அவளுக்கு ராத்திரித் தூக்கம் இல்லை. உடம்பு திடீரென்று உள்ளுக்குள் கொதிக்கிறது என்பாள். மாதவிலக்கு நிற்கும் வயது, கொஞ்ச காலம் அப்படித்தான் இருக்கும் என்றார் டாக்டர். ஈரத் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு குளியலறைத் தரையில் படுத்துக்கிடப்பாள்.

ஓர் ஏசி வாங்கலாமா என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். நான் ஜன்னலைத் திறந்து மரத்தைக் காட்டினேன்.

நிமிர்ந்து பார்த்தேன். என் வீட்டு மேற்குச் சுவரில் ஏணியைச் சாய்த்து, ஓர் ஆள் டேப் வைத்து அளந்துகொண்டிருந்தான். கீழே கஸ்தூரி ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். என் கையிலிருந்த உறையைப் பார்த்தாள். ஏணியை விடவில்லை.

பணம் நான் கொடுத்தது. நிபந்தனை நான் போட்டது. என் வீட்டுக்குள்ளிருந்தே என் விலைக்கு மேல் ஒரு விலை விழுந்திருக்கிறது. எனக்கு மட்டும் தெரியவில்லை.

மொத்தம் ஒன்பது உறை. எட்டு ஏசிக்கு. ஒன்று மரத்துக்கு. அதில் இரண்டாயிரம் என் கையில்.

கஸ்தூரிக்குத் தர வேண்டியது.