நாலாவது பெடல்

சயந்தன் கொடுத்த மூன்றாவது பெடலையும் நிலத்தில் வைத்துக் காலால் அமுக்கிப் பார்த்துவிட்டு, ஆழ்வாப்பிள்ளை உதட்டைப் பிதுக்கினார்.

சயந்தனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவருடைய சின்னக் காருக்குள் பெரிய எஞ்சினை இறக்கி, அதற்கேற்ற பிரேக்கும் பூட்டிக் கொடுத்துக் கிழமை ஒன்றுகூட ஆகவில்லை. அதற்குள் இன்னொரு பெடல் வேணுமென்று அச்சுவேலியில் அவன் வாகனம் திருத்தும் கராச்சில் வந்து நிற்கிறார்.

"ஐயா, பிரேக் பிடிக்கேல்லையோ?"

"அந்தமாதிரிப் பிடிக்குது, ஒரு குறையுமில்லை."

"பிறகென்ன?"

"இது நல்ல அகலமா இருக்கோணும், தம்பி. ஏறி மிதிச்சாலும் வளையக்கூடாது. மிதிச்ச காலைத் திருப்பித் தள்ளோணும்."

சயந்தன் பல்லைக் கடித்துக்கொண்டு, பழைய லொறி ஒன்றின் பெடலைக் கழற்றி வந்து, வலுத்த ஸ்பிரிங் ஒன்றும் போட்டான். கிழவரின் முகம் மலர்ந்தது. சயந்தன் சாரதி ஆசனத்தின் முன்னால் குனிந்தான்.

"உதிலை இல்லை, தம்பி. இடப்பக்கம், மனுசி இருக்கிற பக்கம்."

"அங்கையிருந்து எப்பிடி ஐயா பிரேக்குக்குத் தொடுக்கிறது?"

"ஒண்டுக்கும் தொடுக்க வேண்டாம். சும்மா பூட்டிவிடு. எஞ்சின் மாத்தின நாளிலையிருந்து அவ மிதிக்கிற மிதியிலை கீழ்த்தகடு நெளிஞ்சு போச்சு."

பின்னேரம் கோப்பாய்வரை ஓடித் திரும்பிய காரிலிருந்து அவருடைய மனைவி பூரணம் இறங்கினார்.

"கெட்டிக்காரன், தம்பி! இவ்வளவு நாளும் நான் என்ன மிதி மிதிச்சும் நிக்காத கார், இண்டைக்குத்தான் சொல்லுக் கேக்குது."