கிருமி மேய்க்கிறவள்

மகன் கட்டிக்கொள்ளப்போகும் பெண் மருந்துத் தொழிற்சாலையில் பாக்டீரியா வளர்க்கிறாள் என்றதும், சாப்பாட்டு மேசையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்திருந்த அப்பாவின் முகம் அஷ்டகோணலானது.

"கிருமி மேய்க்கிற பொழப்பா? கல்யாணத்துக்கு முன்னாடி அதை விட்டுடணும்!"

"கெட்டிக்காரக் கிருமிங்க, மாமா. மனுஷ ஜீனை உள்ள வெச்சா, அதுல இருக்கற டி.என்.ஏ. எழுத்தை மூணு மூணாப் படிச்சு, அதுக்குரிய அமினோ அமிலங்களைக் கோத்து, நம்ம உடம்பு செய்யற அதே புரதத்தைச் செஞ்சிடும்."

"நம்ம எழுத்து அந்தச் சாக்கடைப் பூச்சிக்குப் புரியுமாக்கும்! யார் காதுல பூ சுத்தற?"

"எல்லா உயிருக்கும் அதே எழுத்துதான், மாமா."

"எனக்கும் கிருமிக்குமா? த்தூ!"

சாப்பாடு வந்தது. அவர் சட்டையைத் தூக்கி, வழக்கமான ஊசியை வயிற்றில் குத்திக்கொண்டே, "எப்ப விடப்போற?" என்று உறுமினார்.

மருந்து முழுதாக இறங்கும்வரை அவள் காத்திருந்தாள்.

"நாளைக்கே விட்டுடறேன், மாமா. எங்க கிருமிங்க செஞ்ச இந்த இன்சுலினை மட்டும் இனிமே நீங்களே சுரந்துக்குங்க."