கைராசிக்கு விலை

நாற்காலியைக் காலால் தட்டிப் பார்த்தான்.

"இது பழைய இரும்புக்குத்தான் போகும் மேடம்."

அவளுடைய பல் ஆஸ்பத்திரி நாற்காலி. பொள்ளாச்சியில் பாதி ஊர் வாயைத் திறந்து படுத்த நாற்காலி அது. மாட்டுச் சந்தையில்கூடப் பல்லைப் பிடித்துப் பார்த்துத்தான் விலை சொல்வார்கள். இவன் காலால் சொல்கிறான்.

நல்லசிவம். அவளிடம் தொழில் படித்தவன். முதன்முதலில் ஊசியை எடுத்தபோது, படுத்திருந்தவரைவிட இவனுக்குத்தான் அதிகம் வியர்த்தது. கை பழகியதும் எதிர்வரிசையிலேயே போர்டு மாட்டினான். கண்ணாடிக் கதவு, ஏசி, டிவி, எல்லாம் வந்தது. ஆள்தான் வரவில்லை. அவன் வாசல் நிழலில் வண்டியை நிறுத்திவிட்டு இவளிடம் வந்தார்கள்.

அதனால்தான் இன்று வாங்க வந்திருக்கிறான். பின்னே, பாசமா?

எக்ஸ்ரே மெஷின் பழசு. கட்டிடம் வாடகை. ஒவ்வொன்றுக்கும் உதட்டைப் பிதுக்கினான். பணம் போடுகிற மாமனார் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மருமகன் பிதுக்கும்போதெல்லாம் அவரும் பிதுக்கினார்.

கடைசியில் விஷயத்துக்கு வந்தான்.

"இங்க விலைன்னு இருக்கறது உங்க கைராசிக்குத்தானுங்க. ரெண்டு வருசம் இதே இடத்துல உக்காந்து நீங்க பல்லு எடுக்கோணும். அதுக்கும் சேர்த்துத்தான் நான் சொன்ன தொகை. இல்லீன்னா அதுல பாதிகூடப் பெறாது."

கைராசி.

அந்தக் கை ஆடி மாதத்திலிருந்து நடுங்குகிறது.

யாருக்கும் தெரியாது. பகல் முழுக்கக் கோட்டுப் பைக்குள்ளேயே வைத்திருக்கிறாள். பல் எடுக்க வருகிறவர்களிடம் மாத்திரை பேரைச் சொல்லி, வீக்கம் வடியட்டும், அப்புறம் வாங்க என்று அனுப்புகிறாள். வெளியே போய் அதையும் கைராசி என்கிறார்கள். டாக்டரம்மா சொன்ன மாத்திரையிலேயே வலி ஓடிவிட்டதாம்!

புருஷன் இல்லை. பிள்ளை இல்லை. மிச்சக் காலத்துக்குச் சோறு போடப்போவது இந்த விற்பனைதான். உண்மையைச் சொன்னால் பாதி விலை. சொல்லாமல் ஒப்புக்கொண்டால், இரண்டு வருஷம் யார் யார் வாயிலோ இந்தக் கையை விட வேண்டும். அந்தப் பாவத்தை எந்த ஆற்றில் கொண்டுபோய்க் கரைப்பது?

சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தாள்.

அதற்குள் மாமனார் எழுந்துவிட்டார். நல்ல நேரம் முடியப் போகிறதாம். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், மேலே முன்பணக் காசோலை. தட்டை அவள் முன்னால் நீட்டினார்.

இரண்டு கையாலும் வாங்க வேண்டிய தட்டு.

அவள் இடது கையை நீட்டினாள்.

பெரியவரின் முகம் கறுத்தது.

"பாத்தீங்களா மாமா?" நல்லசிவம் பல்லைக் கடித்தான். "பெரிய மனுசன் தாம்பூலம் நீட்டறாரு, பீச்சாங்கையை நீட்டறாங்க. அன்னைக்கிருந்து இதே திமிருதான்."

கை நடுங்குதப்பா. ஒரு வார்த்தை. தொண்டை வரைக்கும் வந்தது. இவனிடமா? காலால் விலை சொன்னவனிடமா? செத்தாலும் மாட்டாள்.

இடது கையை இன்னும் கொஞ்சம் நீட்டினாள்.

"இதுல குடுக்கறதுன்னாக் குடுங்க. இல்லீன்னா நடையைக் கட்டுங்க."

பெரியவர் தட்டை நங்கென்று மேஜைமேல் வைத்தார்.

"பேசுன தொகையில ஒரு பைசா குறைக்க மாட்டேன். எஞ்சொல்லு சொல்லுதான். ஆனா இந்தம்மா நாளைக்கு இந்தப் படி ஏறக் கூடாது. கைராசியாம் கைராசி! எம் மருமகனுக்கு என்ன, கையில்லையா?"

"மாமா..." என்று இழுத்தான் நல்லசிவம். அவனுக்குத் தெரியும், என்ன போகிறதென்று. பெரியவர் வாசலுக்கே போய்விட்டார்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முழு விலை. யார் வாயிலும் கை விட வேண்டாம். கும்பிடாத சாமி கொடுத்த வரம் என்று நினைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் ஆறுச்சாமி உள்ளே வந்தார். தேங்காய் மண்டியில் மூட்டை தூக்குகிறவர். இரண்டு முறை மாத்திரை சொல்லி அவள் திருப்பி அனுப்பிய ஆள். கன்னம் கண்ணை மூடுகிற அளவுக்கு வீங்கியிருந்தது. சட்டைக் காலரெல்லாம் எச்சில்.

"முடியலீங்க டாக்டரம்மா. மண்டிக்குப் பக்கத்துல இருக்கற டாக்டர் எடுக்கறேன்னாருங்க. நாந்தான், டாக்டரம்மா கையாலதான்னு பொறுத்துக்கிட்டேன்."

சிரிப்பு அவளுக்கு அப்படியே செத்துப்போனது.

ஆஸ்பத்திரி கை மாறிவிட்டது, நல்லசிவத்திடம் காட்டுங்கள் என்று சொன்னால் போதும். ஆறுச்சாமி கேட்க மாட்டார். நாளைக்கு அவள் வீட்டு வாசலில் வந்து உட்காருவார். அதுவரை கன்னத்தில் சேர்ந்த விஷம் சும்மா இருக்குமா?

வலது கையைப் பையிலிருந்து எடுத்தாள். அவருடைய திறந்திருந்த ஒரு கண்ணுக்கு முன்னால் நீட்டினாள்.

"பாருங்க ஆறுச்சாமி. நடுங்குது. ஆடியிலிருந்து இப்படித்தான். உங்களை ஏமாத்தித்தான் திருப்பி அனுப்புனேன். இது இனிப் பல்லு எடுக்காது. நல்லசிவம் எடுப்பாரு. நான் சொல்லிக் குடுத்த கைதான்."

நல்லசிவம் அந்தக் கையைப் பார்த்தான். தட்டைப் பார்த்தான்.

வாசலில் பெரியவர் ஒரு காலில் செருப்போடு அப்படியே நின்றார். பிறகு, அந்தச் செருப்போடேயே உள்ளே திரும்பி வந்தார்.

அவள் ஆறுச்சாமியை நாற்காலியில் சாய்த்தாள். நல்லசிவத்துக்கு வாகாக விளக்கை இழுத்து அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். வெளிச்சம் வாய்க்கும் மூக்குக்குமாக ஆடியது.

பின்னால் பெரியவர் தட்டைத் திரும்ப இழுக்கும் சத்தம் கேட்டது. அவள் திரும்பவில்லை.

"வாயை நல்லாத் திறங்க," என்றாள்.