எட்டுக் கைநாட்டு

"இந்த எட்டுப் பேரும் ஒரே ஆளு. அது யாருன்னு மரியாதையா நீயே சொல்லிடு, அருள்நாதா."

கல்குவாரி முதலாளி வெங்கடாசலம் எண்பத்து நாலு மார்ச் மாத வவுச்சர்கள் எட்டையும் மேசைமேல் பரப்பினார். பக்கத்தில், சேலத்திலிருந்து வந்திருந்த ஆடிட்டர் கிருஷ்ணப்பன் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். எதிரே நின்றான் கணக்குப்பிள்ளை அருள்நாதன். இண்டூர்ப் பக்கத்து இந்தக் குவாரியில் ஆறு வருஷமாகக் கணக்கு எழுதுகிறவன்.

"எட்டும் வேற வேற ஆளுங்கதானுங்க முதலாளி. ஒரு கூட்டத்துக்கு ஒரு பாறைன்னு பேசி உடைக்கறாங்க. கூட்டத்துல ஒருத்தர்கிட்டக் கூலியக் குடுத்துக் கைநாட்டு வாங்குறேன்."

"அதெப்படி எல்லா வவுச்சரும் ரெண்டாயிரத்து ஐந்நூறுக்குள்ளயே நிக்குது?" என்றார் ஆடிட்டர். "அதைத் தாண்டினா செக்காத்தான் குடுக்கணும்னு ரூல். அது உனக்குத் தெரியும், இல்ல?"

"தெரியுமுங்க சார். ஆனா ஆறேழு பேரு ஒரு மாசம் பூரா உடைச்சாலும் அவ்வளவுதானுங்க வருது."

ஆடிட்டர் அதைக் காதில் வாங்கவில்லை.

"யாரோ ஒரு காண்ட்ராக்டருக்குப் பதினெட்டாயிரத்த ரொக்கமாக் குடுத்திருக்கே. இல்ல, நீயே எடுத்திருக்கே. அதை எட்டாப் பிரிச்சுப் பொய்ப்பேரு போட்டாச்சு. நாளைக்கு இன்கம்டாக்ஸ்ல இதைப் பார்த்தா, செலவே இல்லைன்னு தள்ளிடுவாங்க. முதலாளி இதுக்கும் சேர்த்து வரி கட்டணும். அபராதம் தனி."

"பொய்ப்பேரு இல்லைங்க சார்."

"கைநாட்டப் பாரு."

கண்ணாடியை வாங்கி அருள்நாதன் குனிந்து பார்த்தான். சவரி, யாகப்பன், செல்லி, மிக்கேலம்மாள் என்று பெயர்கள்தான் வேறு. பெயருக்கு மேலே இருந்த கைநாட்டு எட்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. ஒன்றை எடுத்து இன்னொன்றின் இடத்தில் வைத்தாலும் தெரியாது.

"போன வருசம் வூட்டுக்கு ஓடு மாத்தினப்பவே நெனச்சேன்," என்றார் வெங்கடாசலம்.

"அது சொசைட்டிக் கடனுங்க."

"எதுவோ. சாயங்காலத்துக்குள்ள பதினெட்டாயிரம் இந்த மேசைக்கு வரணும். இல்லன்னா போலீசுக்குத்தான் போவேன்."

அருள்நாதனுக்கு மாதம் முந்நூற்றைம்பது ரூபாய் சம்பளம். பதினெட்டாயிரம் சேர்க்க, சாப்பிடாமல் நாலு வருஷத்துக்கு மேல் வேலை செய்ய வேண்டும். வீட்டில் மனைவி ரோசம்மாவுக்கு இது ஏழாம் மாதம்.

"எட்டுப் பேரையும் கூப்பிடறேனுங்க. உங்க கண்ணு முன்னாலயே கைநாட்டு வெக்கட்டும்."

"நீ கூப்பிட வேண்டாம். சொல்லிக்குடுத்துக் கூட்டியாருவே," என்றார் ஆடிட்டர். "வாட்ச்மேனை அனுப்புங்க முதலாளி. பேரை நானே கேட்டு எழுதிக்கறேன். நீ அந்த ஓரமா நில்லு. வாயத் தொறக்கக் கூடாது."

கொஞ்ச நேரத்தில் எட்டுப் பேரும் வந்து நின்றார்கள். தலையிலும் இமையிலும் கல்தூசி. யாகப்பன் மைப்பெட்டியைப் பார்த்துச் சிரித்தான்.

"என்னங்க கணக்குப்பிள்ள, இந்த மாசம் ரெண்டு தடவ கூலியா? அப்பிடின்னா ரெண்டு கையிலயும் வெக்கறேனுங்க."

அருள்நாதன் தரையைப் பார்த்தான்.

"அவர் மூஞ்சியப் பார்த்தா கூலி குடுக்கற மாதிரி தெரியலடா," என்றாள் செல்லி.

"பேச்சு வேண்டாம். வரிசையா வாங்க," வெங்கடாசலம் அதட்டினார்.

ஆடிட்டர் ஒவ்வொருவராகப் பெயரைக் கேட்டு எழுதினார். கட்டைவிரலைத் தானே பிடித்து மையில் உருட்டி, வெள்ளைத்தாளில் அழுத்தினார். எட்டும் முடிந்ததும் கண்ணாடியை எடுத்தார். முதலாவதிலிருந்து எட்டாவது வரை போனார். திரும்ப முதலாவதுக்கு வந்தார்.

"மை ஜாஸ்தியாயிடுச்சா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். "ஏம்மா, உன் பேரென்ன, மிக்கேலம்மாளா? வெரலத் தொடைச்சிட்டு வா. இன்னொரு தடவ."

அவள் முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். இந்த முறை மையை லேசாகத் தொட வைத்து அழுத்தினார். கண்ணாடியில் பார்த்தார்.

"என்ன சார், என்ன தெரியுது?" என்றார் வெங்கடாசலம்.

ஆடிட்டர் தன் கட்டைவிரலை அதே மையில் தொட்டு, அதே தாளில் அவள் கைநாட்டுக்குக் கீழே அழுத்தினார். சுழிசுழியாக, கோடுகோடாக ரேகை விழுந்தது. அதற்கு மேலே இருந்தவை எல்லாம் வெறும் கருப்பு வட்டங்கள். எதிலும் ஒரு கோடுகூட இல்லை.

மிக்கேலம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, சின்னப் புள்ளைங்களுக்குத்தானே வெரல்ல இப்பிடிக் கோடு இருக்கும்? உங்களுக்கு இந்த வயசாகியும் இன்னும் தேயலீங்களா?"