அக்காவின் முறை

அக்கா மூக்கைப் பிடித்துக்கொண்டு நாலாவது டம்ளரையும் குடித்து முடித்தாள். உப்புக் கரிக்கும் அந்தப் பேதி மருந்து தலைக்கு இரண்டு லிட்டர். தம்பியின் டம்ளர் இன்னும் பாதியிலேயே நின்றது.

"குடிடா. என்னால முடியுது, உன்னால முடியாதா?"

"நீ குடிக்கிறதப் பாத்தாலே வயித்தக் கலக்குது."

"அதுக்குத்தானே குடிக்கிறோம்" என்று சொல்லிக்கொண்டே கழிவறைக்கு ஓடினாள். வீட்டில் இருப்பது ஒன்றே ஒன்று. தம்பி சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே காத்து நின்றான்.

அவன் லாரி மெக்கானிக். வயது நாற்பத்து மூன்று. குடல் புற்றுநோயில் முதலில் அப்பா போனார், பிறகு சித்தப்பா. போன வருடம் அண்ணன், நாற்பத்து நாலு வயதில். மூன்று பேருக்கும் ஆஸ்பத்திரியில் துணைக்கு உட்கார்ந்து உட்கார்ந்து அவன் ஓய்ந்துபோயிருந்தான். இப்போது பயம்கூட வருவதில்லை. அலுப்புதான்.

அண்ணனின் கட்டியைச் சோதித்த டாக்டரம்மா, அக்காவையும் தம்பியையும் உட்கார வைத்து விளக்கமாகச் சொல்லியிருந்தார்.

"செல் கண்டபடி வளராம இருக்க உள்ள பிரேக் மாதிரி ஜீன் இருக்கு. ஒவ்வொண்ணும் ரெண்டு. உங்க குடும்பத்துல ஒண்ணு பிறக்கும்போதே பழுது. இன்னொண்ணும் போச்சுன்னா குடல்ல சின்னதா ஒரு மொட்டு வரும். அப்புறம் மத்த ஜீனும் ஒண்ணொண்ணா கெட்டு, அது புற்றா மாற வருஷக்கணக்காகும். அதுக்குள்ள பாத்துட்டா வெட்டி எடுத்துடலாம். அந்தப் பழுது ஜீன் எல்லாருக்கும் வரணும்னு இல்ல, பாதிக்குப் பாதி. ரத்தம் கொடுங்க, தெரிஞ்சிடும்."

பிரேக் என்றதும் மெக்கானிக்குக்கு நன்றாகவே புரிந்தது. புரிந்ததால்தான் எழுந்து வந்துவிட்டான். "தெரிஞ்சு என்ன பண்ணப் போறோம்? வர்றப்ப வரட்டும்."

அக்கா ரத்தம் கொடுத்தாள். சில வாரம் கழித்து நேராகப் பட்டறைக்கே வந்தாள். லாரிக்கு அடியில் படுத்திருந்தவனிடம் குனிந்து பேசினாள்.

"ரிசல்ட் வந்துடுச்சுடா. குடலுக்குள்ள குழாய் விட்டுப் பாக்கணுமாம். எனக்குப் பயமா இருக்கு. நீயும் கூட வந்து பாத்துக்கோ."

அவன் வெளியே வந்து அவள் முகத்தைப் பார்த்தான். அண்ணன் போனபோதுகூட அழாதவளுக்குக் கண் கலங்கியிருந்தது. கைக் கிரீஸைத் துடைத்தபடி, "எப்பன்னு சொல்லு, வரேன்" என்றான். தனக்காக என்றால் கிளம்பியிருக்க மாட்டான்.

மருந்து குடித்த மறுநாள் காலை இருவரும் காற்றுப்போன டியூப் மாதிரி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். எழுத வேண்டிய படிவத்தையெல்லாம் அக்காவே எழுதிக் கொடுத்தாள். நர்ஸ் வந்து அவன் மணிக்கட்டில் மட்டும் பட்டை கட்டினாள்.

"உனக்கு?"

"முதல்ல நீ போயிட்டு வா" என்றாள் அக்கா. அவள் உதடு காய்ந்து வெடித்திருந்தது.

மயக்க மருந்து தெளிந்து அவன் கண் விழித்தபோது டாக்டரம்மா கட்டிலருகில் நின்றிருந்தார்.

"நாலு மொட்டு இருந்துச்சு, எடுத்தாச்சு. ஒண்ணு மாற ஆரம்பிச்ச மாதிரி தெரியுது, பரிசோதனைக்கு அனுப்பியிருக்கோம். இன்னும் ரெண்டு வருஷம் விட்டிருந்தீங்கன்னா உங்க அண்ணன் கதைதான். இனிமே வருஷா வருஷம் வந்துடுங்க."

அவர் போன பிறகு அவன் மணிக்கட்டுப் பட்டையைத் தடவிப் பார்த்தான். சந்தோஷம் என்று சொல்ல முடியாது. நெடுந்தூரம் சுமந்த மூட்டையை இறக்கி வைத்தவனுக்கு வரும் அசதி அது. நாலு மொட்டு தனக்கே என்றால் அக்காவுக்கு எத்தனையோ என்று நினைத்தான்.

திரும்பிப் பார்த்தான். பக்கத்து நாற்காலியில் அக்கா ஒரு பன்னை டீயில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தாள்.

"என்னக்கா, சாப்பிட்டா உள்ள விடமாட்டாங்களே. உன் முறை எப்ப?"

அக்கா வாயிலிருந்ததை மெதுவாக மென்று முழுங்கினாள்.

"எனக்கு எதுக்குடா? எனக்குத்தான் அந்த ஜீன் வரலையே."