மயில் கழுத்து நிறம்

மணப்பெண் வீட்டுப் பெண்கள் அனைவரும் வரவேற்பன்று மயில் கழுத்து நிறப் பட்டு மட்டுமே உடுத்துவது என முடிவாகியிருக்கிறது. சாண் அகலத்துக்கு ஜரிகை. வயது வரம்பு இல்லை. விதிவிலக்கு இல்லை. மேல்முறையீட்டுக்கும் இடமில்லை.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்த பிரகடனம் இது. சொத்துப் பிரிக்கையில் காணாமல்போன ஒற்றுமை அன்றைக்குத் திரும்பி வந்தது. எல்லோரும் கைகூப்பினார்கள்.

அவள் கூப்பவில்லை.

இப்போது மண்டப வாசலில் நின்றாள். செங்கல் நிறக் கைத்தறியில், கக்கத்தில் ஒரு துணிப்பையோடு.

பன்னீர் தெளித்தவர்கள் மயில் கழுத்து. கல்கண்டு நீட்டியவர்கள் மயில் கழுத்து. எங்கிருந்தோ ஓடி வந்த தம்பி மனைவி கற்பகவல்லியும் மயில் கழுத்து. மணப்பெண்ணின் அம்மா அவள்தான். பிரகடனத்தை எழுதியவளும் அவளே.

மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தாள். கீழிருந்து மேலே இன்னொரு முறை.

"என்ன அண்ணி, எடுத்துக் குடுத்த பட்டு என்னாச்சு?"

"பத்திரமா இருக்கும்மா."

"கட்டிக்கலையா?"

"முப்பது வருஷம் கட்டியாச்சு."

"அது போலீசு அண்ணி. இது பட்டு."

"அடுத்தவங்க சொல்லிக் கட்டுனா எல்லாமே காக்கிதான்."

நல்ல வசனம். போன மாதமே யோசித்து வைத்திருந்தாள்.

தலைமைக் காவலராக ஓய்வு பெற்ற மறுநாள், காக்கிச் சட்டையை வெட்டி அடுப்படிக்குக் கைப்பிடித் துணியாக்கியவள் அவள். இனி இன்னொருத்தர் சொல்லும் நிறம் என் உடம்பில் ஏறாது என்று தம்பிக்குப் போன் போட்டு அறிவித்தாள். பால்காரரிடமும் சொல்லி வைத்தாள்.

கற்பகவல்லி குரலைத் தாழ்த்தினாள்.

"மேடைல நாங்க அத்தனை பேரும் ஒரே மாதிரி நிப்போம். நடுவுல நீங்க மட்டும் செங்கல் வச்ச மாதிரி... போட்டோ எடுபடாது அண்ணி. கோவிச்சுக்காதீங்க. நீங்க போய்ச் சாப்பிடுங்க."

அவள் மேடையைப் பார்த்தாள்.

அங்கே ஆதிரை. தம்பி மகள். ஸ்டேஷனிலிருந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் இவள் தூக்கிக்கொண்ட குழந்தை. கன்னத்தில் பித்தளைப் பொத்தான் பதிந்து அழுத குழந்தை. நேற்றுத்தான் சொன்னாள்: 'என் வலது பக்கம் உனக்குத்தான் அத்தை.'

வலது பக்கத்தில் இப்போது கற்பகவல்லியின் ஒன்றுவிட்ட தங்கை.

மயில் கழுத்து.

அவள் சாப்பிடப் போனாள்.

இலை போட்டார்கள். தண்ணீர் தெளித்தாள். சமையல் கட்டின் கதவு திறந்தது.

பரிமாறும் பெண்கள் வரிசையாக வந்தார்கள்.

மயில் கழுத்து. சாண் அகலத்துக்கு ஜரிகை.

சமையல் ஒப்பந்தக்காரருக்கும் ரசனை இருந்தது. அவர்மீது குற்றமில்லை. அவரை யாரும் வாட்ஸ்அப் குழுவில் சேர்க்கவில்லை.

கிட்டப் போய்ப் பார்த்தால் எது பட்டு, எது பட்டு மாதிரி என்று தெரியும். பசியோடு உட்கார்ந்திருப்பவர் எவரும் கிட்டப் போய்ப் பார்ப்பதில்லை.

அந்த நேரம் பார்த்துக் கற்பகவல்லி பந்தி விசாரிக்க வந்தாள். கைகளைக் கூப்பியபடி, இலை இலையாகக் குனிந்து, முகமெல்லாம் சிரிப்பாக.

"நல்லா சாப்பிடுங்க..."

"ரசம் கொண்டா தாயி" என்றார் மாப்பிள்ளையின் பெரியப்பா.

அடுத்த இலைக்காரர் நிமிரக்கூட இல்லை. "அப்படியே ஒரு ஜாங்கிரி."

எதிர்ப் பந்தியில் ஒரு பெரியவர், பரிமாற வந்த பெண்ணிடம் "பொண்ணுக்கு நீங்க என்ன முறைம்மா?" என்று விசாரித்து மொய்க் கவரை நீட்டினார். அந்தப் பெண் அதை வாங்கவில்லை. அப்பளம் வைத்தாள்.

மேடையிலிருந்து இறங்கி வந்த ஒன்றுவிட்ட தங்கையிடம் யாரோ வாளியைக் கொடுத்துவிட்டார்கள். அவளும் பதற்றத்தில் இரண்டு இலைக்குக் கூட்டு வைத்துவிட்டாள். நன்றாகவே வைத்தாள்.

செங்கல் நிறப் புடவையிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா மட்டும் நேரே வந்து வணக்கம் சொன்னாள். "உங்களைத்தான் தேடுனேன். பொண்ணோட அத்தைதானே?"

அவள் பாயசத்தை முடித்தாள். நிதானமாக.

கை கழுவும் இடத்தில் கற்பகவல்லி பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

"அண்ணி, உங்ககிட்ட வேற புடவை ஏதாவது இருக்கா? எந்தக் கலரா இருந்தாலும் சரி."

"இல்லையேம்மா."

"அப்ப நீங்களாவது மேல வாங்க. ஆதிரை பக்கத்துல நில்லுங்க. உங்களைப் பாத்தாத்தான் குடும்பம்னு தெரியுது."

அவள் மேடை ஏறினாள். ஆதிரை கையைப் பிடித்து இழுத்து வலது பக்கம் நிறுத்திக்கொண்டாள். தோளில் சாய்ந்தாள்.

தம்பிக்குப் பெருமை தாளவில்லை. சம்பந்தியிடம் உரக்கச் சொன்னான்.

"எங்கக்கா ஒண்ணு சொன்னா சொன்னதுதான் சார். கமிஷனரே வந்து நின்னாலும் மாத்திக்க மாட்டாங்க."

சம்பந்தி தலையசைத்தார். இரண்டொருவர் கைதட்டினார்கள். அவள் நிமிர்ந்து நின்றாள், அணிவகுப்பில் நிற்பதுபோல.

"மேடம், அந்தப் பையைக் கொஞ்சம் கீழ வைங்க" என்றார் போட்டோக்காரர்.

அவள் வைக்கவில்லை. இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

பைக்குள் மயில் கழுத்துப் பட்டு இருந்தது.

ஃபால்ஸ் அடித்து, ஜாக்கெட்டும் தைத்து.